ஆளில்லாத செருப்பு

நேயர்களுக்கு வணக்கம். வானொலியில் படம் காட்ட வழியில்லை. அதனால் ஒரு படத்தைச் சொல்கிறேன், கண்ணை மூடிக்கொண்டு கேளுங்கள். வண்டி ஓட்டுகிறவர்கள் மட்டும் மூட வேண்டாம்.

தெருவோரம். பக்கத்தில் ஒரு கார். தரையில் சாக்பீஸால் ஓர் உடலின் வடிவம், விபத்து நடந்த இடத்தில் போலீஸ்காரர்கள் வரைவார்களே, அதுபோல. உடலைக் காணோம். இளஞ்சிவப்புச் செருப்பு மட்டும் கிடக்கிறது. என்ன நடந்தது? கொலையா, விபத்தா? படம் சொல்லாது. ஆனால் அந்தச் செருப்பு கடையில் கிடைக்கும்!

ஷார்ல் ழூர்தான் என்ற பிரெஞ்சுக் காலணி நிறுவனத்தின் 1975-ஆம் ஆண்டு விளம்பரம் அது. எடுத்தவர் கீ புர்தான். 1928-இல் பாரிஸில் பிறந்தவர். 1955-இல் பிரெஞ்சு 'வோக்' ஃபேஷன் இதழுக்கு முதன்முதலாகப் படம் எடுத்தபோதே, தொப்பி போட்ட பெண்ணைக் கசாப்புக் கடையில் கன்றுத் தலைகளுக்குக் கீழே நிறுத்தியவர்.

துப்பறியும் கதையில் நடுப்பக்கம் ஒன்றைக் கிழித்து நம் கையில் கொடுத்தால் எப்படி இருக்கும்? அதுதான் அவர் வேலை. முன்பக்கத்தையும் பின்பக்கத்தையும் நாமே எழுதிக்கொள்ள வேண்டும். எழுதி முடிக்கிறவரை கண் அந்தச் செருப்பை விட்டு நகராது.

பெண்ணைப் பிணமாக்கித்தான் செருப்பு விற்க வேண்டுமா என்று கேட்டவர்கள் உண்டு. எனக்கும் அந்த உறுத்தல் இருக்கிறது. அதனாலேயே அவருடைய 1979-ஆம் ஆண்டுத் தொடர் எனக்கு ஒரு படி மேல். துணிக்கடை பொம்மையின் கால்களை, முழங்காலுக்குக் கீழே உள்ளதை மட்டும், காரில் ஏற்றிக்கொண்டு இங்கிலாந்து முழுக்கச் சுற்றினார். ஹீல்ஸ் மாட்டிய இரண்டு கால்கள் தனியாக ஊர் பார்க்கின்றன. பயமும் சிரிப்பும் சேர்ந்து வரும்.

உயிரோடு இருந்தவரை அவர் படங்களைப் புத்தகமாக்கவில்லை. 1985-இல் பிரெஞ்சு அரசு தந்த தேசியப் புகைப்பட விருதையும் வேண்டாம் என்றார். 1991-இல் காலமானார்.

நான் பட்டுப்புடவைக் கடைகளுக்குப் படம் எடுத்துப் பிழைக்கிறவன். முந்தானை விரியணும், பார்டர் தெரியணும், பொண்ணு சிரிக்கணும். ஒரு தீபாவளிக்குத் துணிந்து, முற்றத்துக் கொடியில் புடவையை மட்டும் போட்டு, கீழே ஒற்றைக் கொலுசு வைத்து எடுத்தேன். முதலாளி படத்தை இப்படியும் அப்படியும் திருப்பிப் பார்த்தார்.

"பொண்ணு எங்க தம்பி?" என்றார்.

அதைக் கேட்க வைக்கத்தான் எடுத்தேன் என்று சொல்ல வாய் வரவில்லை. மறுநாள் சிரிக்கிற பெண்ணை வைத்து எடுத்துக் கொடுத்தேன்.