பட்டாவில் தொடங்கலாம்

நேயர்களுக்கு வணக்கம். இணையம் பழக வருகிறவர்களை முதலில் ஈமெயில் திறக்கச் சொல்வார்கள். எனக்கு அதில் உடன்பாடில்லை. மன்னார்குடி பக்கம் சம்பா நடுகிற ஒருவர் யாருக்கு ஈமெயில் போடப் போகிறார்? அவருக்கு வேண்டியது சிட்டா, அதாவது நிலம் யார் பெயரில் இருக்கிறது என்று காட்டும் பட்டா விவரம். பயிர்க் காப்பீடு, கொள்முதல் நிலையம் என்று எங்கே போனாலும் அதைத்தான் கேட்கிறார்கள்.

தட்டச்சு வராது என்று தயங்க வேண்டாம். கூகுளில் மைக் படத்தைத் தொட்டு, "மேட்டூர் அணை நீர்மட்டம்" என்று தமிழிலேயே கேளுங்கள். வருகிற செய்தியில் தேதியையும் பாருங்கள். 120 அடி நிரம்பியது என்று போன வருஷத்துச் செய்தியும் வந்து நிற்கும். அதை நம்பி நாற்றுவிட முடியாது.

அப்புறம் "பட்டா சிட்டா" என்று தேடுங்கள். மேலே முதலில் நிற்பது பணம் கொடுத்துப் போட்ட விளம்பரமாகக்கூட இருக்கலாம். பக்கம் திறந்ததும் உச்சியில் இருக்கும் முகவரியைத் தொட்டு, நிதானமாகப் படியுங்கள். தொடக்கத்தில் இரண்டு சாய்கோடுகள் சேர்ந்து நின்றால் அவற்றை விட்டுவிடுங்கள். அதற்குப் பிறகு வரும் முதல் சாய்கோட்டுக்குச் சற்று முன்னால் என்ன இருக்கிறது? தமிழக அரசின் பட்டா பக்கம் என்றால் "டிஎன் டாட் ஜிஓவி டாட் இன்" என்று அங்கே முடியும். அந்த எழுத்துகள் நடுவில் வந்து, கடைசியில் "டாட் காம்" என்று முடிந்தால் அது அரசின் பக்கம் இல்லை. முத்திரை, கோபுரம் எல்லாம் யாரும் ஒட்டிக்கொள்ளலாம். இந்த முடிவை மட்டும் அப்படி ஒட்ட முடியாது.

உள்ளே மாவட்டம், வட்டம், கிராமம், பட்டா எண் கேட்கும். கிராமம் என்றால் வருவாய் கிராமம். நாம் வாயால் சொல்கிற தெருப் பெயரோ குடியிருப்புப் பெயரோ அந்தப் பட்டியலில் இருக்காது. நிலவரி ரசீதைப் பக்கத்தில் வைத்துக்கொண்டால் வேலை சுலபம். பக்கம் உங்கள் போனுக்கு ஓடிபி, அதாவது ஒருமுறை மட்டும் செல்லும் ரகசிய எண் அனுப்பினால் அதை நீங்களே அங்கே போடலாம். போனில் கூப்பிட்டு யாராவது கேட்டால், வங்கி மேலாளர் என்றே சொன்னாலும், கொடுக்காதீர்கள்.

பிஎம் கிசான் 2,000 ரூபாய் தவணை வருகிற சமயமாகப் பார்த்து வாட்ஸ்அப்பில் ஏபிகே என்று முடியும் கோப்பு வரும்; அது போனில் செயலியை ஏற்றுகிற கோப்பு. தொடாமல் அழித்துவிடுங்கள். பணம் வாங்குவதற்கு யுபிஐ பின் எண் தேவையே இல்லை; கேட்டாலே உங்கள் பணம் போகப் போகிறது என்று அர்த்தம். ஏமாந்துவிட்டால் வெட்கப்பட்டு இரண்டு நாள் மறைக்காமல், உடனே இணைய மோசடிப் புகார் எண்ணான 1930-ஐக் கூப்பிடுங்கள். பணம் கைமாறுவதற்குள் நிறுத்திவைக்க வாய்ப்பு உண்டு.

வணக்கம்.