குழு பிரிக்கும் இடத்திலேயே கெடும் ஆய்வு

நேயர்களுக்கு வணக்கம்.

கைத்தொலைபேசி மேசையில் இருந்தால் மனப்பாடம் குறையுமா? கொழும்பு வெள்ளவத்தையில் ஒரு ரியூட்டரியில் (தனியார் வகுப்பு நிலையத்தில்) இதைச் சோதிக்கப் போகிறீர்கள், பெற்றோரின் சம்மதமும் எழுத்தில் பெற்றாயிற்று என்று வைத்துக்கொள்வோம். வெள்ளி மாலை வகுப்புக்குத் தொலைபேசியோடு, சனி காலை வகுப்புக்கு அது இல்லாமல் என்று பிரிப்பதுதான் சுலபம். ஆய்வு அங்கேயே கெட்டுவிடும். வெள்ளி மாலை வரும் பிள்ளை பாடசாலை முடிந்து, காலி வீதி நெரிசலில் பஸ்ஸில் நின்று களைத்து வருகிறது. புள்ளி குறைந்தது தொலைபேசியாலா, களைப்பாலா? எந்தப் புள்ளிவிபரக் கணக்கும் பிறகு அதைப் பிரித்துத் தராது.

ஆகவே ஒவ்வொரு வகுப்புக்குள்ளும் சீட்டுக் குலுக்குங்கள். நான்கு சீட்டில் இரண்டு 'மேசை', இரண்டு 'வெளியே'; அது முடிந்ததும் அடுத்த நான்கு. சீட்டுகளை வேறொருவர் குலுக்கி, உள்ளே தெரியாத உறைகளில் ஒட்டி எண் இடட்டும். பிள்ளையின் பெயரைப் பதிந்த பிறகுதான் உறையைப் பிரிக்க வேண்டும். முன்பே தெரிந்தால், கெட்டிக்காரப் பிள்ளையை நமக்குப் பிடித்த பக்கம் சேர்க்கக் கை தானாகப் போகும்.

எத்தனை பேர் வேண்டும்? பலர் சறுக்குவது இங்கேதான். குழுவுக்கு 20 பேர் என்பது வெறும் பழக்கம். இரு குழுக்களுக்கும் இடையே உண்மையிலேயே அரை நியம விலகல் (புள்ளிகள் சராசரியிலிருந்து பொதுவாக எவ்வளவு சிதறுகின்றன என்ற அளவு) வித்தியாசம் இருந்தாலும், 20 பேரை வைத்து அது பிடிபடும் வாய்ப்பு மூன்றில் ஒன்றுதான். வித்தியாசமே இல்லாதபோது இருப்பதாகச் சொல்லிவிடும் தவறை 5 சதவீதத்தில் வைத்து, இந்த வித்தியாசத்தை 80 சதவீத வாய்ப்போடு பிடிக்கக் குழுவுக்கு 64 பேர் தேவை. வித்தியாசம் நியம விலகலில் ஐந்தில் ஒன்றென்றால், ஏறக்குறைய 400. அவ்வளவு பேர் கிடைக்காவிட்டால் கேள்வியை மாற்றுங்கள். எண்ணிக்கையைக் குறைத்துச் சமாளிக்காதீர்கள். நடுவில் ஐந்து தடவை கணக்குப் பார்த்து, சாதகமாக வந்ததும் நிறுத்துவது இன்னும் மோசம். அந்த 5 சதவீதத் தவறு 14 சதவீதமாகிவிடும்.

பேர்லினில் ஹான்ஸ் என்றொரு குதிரை குளம்பைத் தட்டிக் கணக்குக்கு விடை சொன்னது. கேட்பவருக்கே விடை தெரியாதபோது அது தவறியதை 1907இல் உளவியலாளர் ஒஸ்கார் புங்ஸ்ட் காட்டினார். கேட்பவரின் தலையசைவைத்தான் குதிரை படித்திருந்தது. பிள்ளைகள் அதைவிடக் கூர்மையானவர்கள். எனவே அறிவுறுத்தலை ஒலிப்பதிவாகப் போடுங்கள். திருத்துபவருக்கு விடைத்தாளில் எண் மட்டும் தெரியட்டும். மனப்பாடம் செய்த 'கப்பல்' என்ற சொல்லைக் 'கப்பள்' என்று எழுதினால் புள்ளி உண்டா என்பதையும், முதல் பிள்ளை உள்ளே வருமுன் எழுதித் திகதியிட்டு வையுங்கள்.