மூன்றாவது கட்டத்தில் என்ன எழுதுவது?

(இலங்கை மலையகத்தின் அட்டனில் தாதிய மாணவர்களிடையே பேசியதன் எழுத்து வடிவம்)

எல்லோருக்கும் வணக்கம். ஆஸ்பத்திரியின் உளநல விடுதிப் பயிற்சிக்குப் போகப்போகிறீர்கள். அங்கே செய்யச் சொல்லும் வேலைகளில் மாணவர்களுக்கு அறவே பிடிக்காத ஒன்றைப் பற்றித்தான் பேச வந்தேன்: நோயாளரோடு பேசியதைச் சொல்லுக்குச் சொல் எழுதி, அதை நாமே திரும்ப வாசித்து யோசிப்பது.

இந்தப் பழக்கத்தை வளர்த்தவர்களில் முக்கியமானவர் அமெரிக்கத் தாதி ஹில்டகார்ட் பெப்லோ. தாதிக்கும் நோயாளருக்கும் இடையிலான உறவே சிகிச்சையின் பகுதி என்று சொன்ன அவருடைய புத்தகம் 1952இல் வந்தது. எழுதி முடித்தது 1948இல். வைத்தியர் பெயர் இல்லாமல் ஒரு தாதி தனியாகப் புத்தகம் போடுவதா என்று தயங்கியதில் நாலு வருஷம் கிடந்தது! சரி, விஷயத்துக்கு வருவோம்.

தாளில் கோடு போட்டு நாலு கட்டம். நோயாளர் சொன்னதும் செய்ததும் முதலாவது. நாம் சொன்னதும் செய்ததும் இரண்டாவது. அந்த நேரம் நம் மனதில் ஓடியது மூன்றாவது. இப்போது யோசித்தால் வேறு என்ன சொல்லியிருக்கலாம் என்பது நாலாவது. அவர் முன்னால் இருந்து எழுதக்கூடாது, போனில் பதியவும் கூடாது. பேசி முடித்த கையோடு, மறப்பதற்குள் எழுத வேண்டும்.

விளக்குவதற்காக நானே கட்டிய ஓர் உரையாடலைச் சொல்கிறேன். கொழுந்து பறிக்கும் அம்மா ஒருவர். மகன் கொழும்பில் கடை வேலைக்குப் போய்விட்டான். சேலை முந்தானையை மடிப்பதும் பிரிப்பதுமாகக் கட்டிலில் உட்கார்ந்திருக்கிறார்.

"ராத்திரி தூங்குனீங்களாம்மா?"

"தூங்கி என்னா ஆகப் போவுது மிஸ்ஸி."

"அப்படியெல்லாம் சொல்லக்கூடாதும்மா. எல்லாம் சரியாயிரும். சாப்பிட்டீங்களா?"

"ம்."

அந்த அம்மா ஜன்னல் பக்கம் திரும்பிக்கொள்கிறார். பேச்சு முடிந்தது.

இதற்கு மூன்றாவது கட்டத்தில் வழக்கமாக என்ன வரும் தெரியுமா? 'நோயாளர் ஒத்துழைக்கவில்லை.' அது அவரைப் பற்றிய தீர்ப்பு. கட்டம் கேட்பது உங்களை. உள்ளதை எழுதினால் இப்படி இருக்கும்: 'சாவைப் பற்றிப் பேசப்போகிறாரோ என்று பயமாக இருந்தது. என்ன சொல்வதென்று தெரியவில்லை. பேச்சை மாற்றிவிட்டால் போதும் என்றிருந்தது.' இதை எழுதின பிறகுதான், சாப்பாட்டைப் பற்றிக் கேட்டது அக்கறையால் அல்ல, பயத்தால் என்று தெரியவருகிறது. அப்புறம் நாலாவது கட்டம் தானாக வரும்: "தூங்கி என்னா ஆகப் போவுதுன்னு சொன்னீங்களே, அதைக் கொஞ்சம் சொல்லுங்கம்மா." இல்லாவிட்டால் ஒன்றும் சொல்லாமல் பக்கத்தில் இருப்பது.

'எல்லாம் சரியாயிரும்' நமக்கு நாக்கு நுனியில் இருக்கிறது. சாவு வீட்டிலும் அதுதான், ஆஸ்பத்திரியிலும் அதுதான். நாம் கெட்ட எண்ணத்தில் சொல்வதில்லை. ஆனால் கேட்பவருக்கு, இனி இதைப் பற்றிப் பேசாதே என்றுதான் அது போய்ச் சேருகிறது. உயிரை விடும் எண்ணம் இருக்கிறதா என்று நேராகக் கேட்டால் அந்த எண்ணத்தை நாமே கொடுத்துவிடுவோம் என்று பலர் பயப்படுகிறார்கள். அப்படி இல்லை. கேட்கலாம், கேட்க வேண்டும். 'இருக்கு' என்று பதில் வந்தால் அது கொப்பியில் எழுதிவைக்கும் சமாச்சாரம் அல்ல. அந்த நிமிஷமே பொறுப்புத் தாதியிடம் சொல்ல வேண்டும்.

பாடப்புத்தகத்தோடு எனக்கு ஒத்துப்போகாத இடம் ஒன்று உண்டு. உங்களைப் பற்றி நோயாளரிடம் பேசாதீர்கள் என்று அது சொல்லும். நம் பக்கத்தில் வாயைத் திறந்ததும் முதல் கேள்வியே "நீங்க எந்தத் தோட்டம்?" என்பதுதான். அதற்கு மழுப்பினால் அத்தோடு சரி. ஒரு வரியில் பதில் சொல்லிவிட்டு அவர் பக்கம் திரும்புங்கள். "அப்ப கங்காணி மகளா?" என்று அடுத்தது வந்தால், அப்போது உள்ளுக்குள் என்ன ஓடியது என்பதையும் மூன்றாவது கட்டத்தில் எழுதுங்கள். தொழிலாளரை வேலை வாங்கும் கங்காணி, கணக்கப்பிள்ளை வீட்டுப் பிள்ளையிடம் ஒரு தொழிலாளி எதைச் சொல்வார், எதை விழுங்குவார் என்பது அந்த வரிகளில்தான் பிடிபடும்.

இதனால்தான் கொப்பி விஷயத்தில் நான் கறாராக இருக்கிறேன். தோட்டத்து வரிசை வீடுகளான லயத்தில் சுவருக்கு இந்தப் பக்கம் பேசினால் அந்தப் பக்கம் கேட்கும். பெயர் வேண்டாம், தோட்டத்தின் பெயர் வேண்டாம், டிவிஷன் கூட வேண்டாம். பஸ்ஸில் மடியில் விரித்து எழுதுவது, வாட்ஸ்அப்பில் படம் பிடித்து அனுப்புவது இரண்டும் கூடவே கூடாது.

சிங்களம் பேசும் மாணவர்களும் இங்கே இருக்கிறீர்கள். இடையில் நின்று மொழிபெயர்த்தது யார் என்று கட்டாயம் எழுதுங்கள். சிற்றூழியரா, பக்கத்துக் கட்டில்காரரா, கணவரா? கணவர் மொழிபெயர்த்தால், "அவளுக்கு ஒண்ணும் இல்லைங்க" என்பது யாருடைய பதில் என்ற சந்தேகம் வர வேண்டும். தமிழ் தெரிந்த தாதி ஒருவர் கிடைக்கும்போது அந்தக் கேள்வியை அந்த அம்மாவிடம் தனியாக இன்னொரு தடவை கேளுங்கள்.

முதல் பதிவு நீளமாக இருக்கத் தேவையில்லை. பத்து நிமிஷப் பேச்சு போதும். மூன்றாவது கட்டம் வெறுமையாக இருந்தால் மட்டும் திருப்பிக் கொடுத்துவிடுவேன்.