பெயர் வைக்கும் முன்பே சரிந்த மலை

நேயர்களுக்கு வணக்கம்.

புயல் என்றதும் அது கடலூருக்கும் நாகப்பட்டினத்துக்கும் உள்ள கவலை என்று சேலத்தில் நாம் இருந்துவிடுகிறோம். ஏற்காடு இருக்கும் சேர்வராயன் மலையை நம்பி வாழ்கிறவர்கள் அப்படி இருக்கக் கூடாது என்பதைச் சொல்லத்தான் வந்திருக்கிறேன். அதற்கு 2016 மே மாதத்து ரோனு புயலை எடுத்துக்கொள்கிறேன்.

வங்கக் கடலில் புயலுக்கு ஆண்டில் இரண்டு பருவங்கள் உண்டு. ஐப்பசி, கார்த்திகைப் புயல்கள் நமக்குப் பழக்கம். மழைக்காலத்துக்கு முன்னால், கோடையில் வருகிற புயல்கள் பெரும்பாலும் வடக்கே திரும்பி ஆந்திரா, ஒடிசா, வங்கதேசம் பக்கம் போய்விடும். போகிற போக்கில் காற்றின் திசையை மாற்றி, அக்னி நட்சத்திர வெயிலை இங்கே இன்னும் கூட்டிவிட்டுப் போவதும் உண்டு. அதனால் கோடைப் புயலை நாம் பெரிதாகக் கவனிப்பதில்லை.

அந்த மே மாதம் பலருக்கு நினைவிருக்கும். 16ஆம் தேதி சட்டமன்றத் தேர்தல் வாக்குப்பதிவு, 19ஆம் தேதி வாக்கு எண்ணிக்கை. அதே நாட்களில் இலங்கையை ஒட்டி ஒரு காற்றழுத்தத் தாழ்வு மெதுவாக வடக்கே நகர்ந்துகொண்டிருந்தது. பெரிய வேகமில்லை. ஆனால் மெதுவாக நகர்ந்ததுதான் ஆபத்தாகிவிட்டது. ஈரக்காற்றை இழுத்து இழுத்து இலங்கையின் மலைச்சரிவுகளில் நாள்கணக்கில் கொட்டியது. 17ஆம் தேதி மாலை கேகாலை மாவட்டம் அரநாயக்கவில் சாமசர மலையின் ஒரு பக்கம் அப்படியே இறங்கி வந்து, கீழே இருந்த ஊர்களை மூடிவிட்டது. இறந்தவர்களும் காணாமல் போனவர்களும் சேர்த்து நூறு பேருக்கு மேல். அதே மாவட்டத்தின் புளத்கொஹுபிட்டியவில் தோட்டத் தொழிலாளர்கள் குடியிருக்கும் லயன் எனப்படும் வரிசை வீடுகளும் மண்ணுக்குள் போயின.

அன்றைக்கு அது புயலே இல்லை. வெறும் தாழ்வு மண்டலம்தான். ரோனு என்ற பெயர் அதற்குக் கிடைத்தது 19ஆம் தேதி. பிறகு நம் கிழக்குக் கரையை ஒட்டியே மேலே போய், சென்னைக்கும் ஆந்திரக் கரைக்கும் மழை கொடுத்துவிட்டு, 21ஆம் தேதி வங்கதேசத்தின் சிட்டகாங் அருகே கரையைக் கடந்தது. அங்கே லட்சக்கணக்கானவர்களை முன்கூட்டியே வெளியேற்றியும் இருபதுக்கு மேற்பட்டோர் இறந்தார்கள். ஆனாலும் பெரிய உயிரிழப்பு, அது புயலாவதற்கு முன்பே, மலையில் நடந்து முடிந்துவிட்டது.

நம் மலைக்கு வருவோம். 2024 நவம்பர் 30 இரவு ஃபெஞ்சல் புயல் புதுச்சேரி அருகே கரை கடந்தது. அடுத்த நாளே வலுவிழந்தது. ‘அப்பாடா, முடிந்தது’ என்று இருந்த நேரத்தில்தான் ஊத்தங்கரையில் ஒரே நாளில் 50 சென்டிமீட்டர் கொட்டியது. ஏற்காட்டில் 24 சென்டிமீட்டர். ஆண்டு முழுக்கச் சுமார் 150 சென்டிமீட்டர் பெய்கிற ஊருக்கு ஒரே நாளில் அவ்வளவு! கொண்டை ஊசி வளைவுப் பாதையில் பாறையும் மண்ணும் சரிந்து போக்குவரத்து நின்றது. திருவண்ணாமலையில் மலைச்சரிவில் ஏழு உயிர்கள் போயின. ரோனு பெயர் பெறும் முன்பு கொன்றது, ஃபெஞ்சல் வலுவிழந்த பின்பு கொன்றது. காற்றின் வேகத்தையும் கரை கடக்கும் இடத்தையும் வைத்து மலையில் இருப்பவர்கள் முடிவெடுக்க முடியாது. சரிவில் எத்தனை மில்லிமீட்டர் இறங்கியிருக்கிறது என்பதுதான் நமக்குக் கணக்கு.

இலங்கையில் இதற்கென்றே அளவுகோல் இருக்கிறது. 24 மணி நேரத்தில் 75 மில்லிமீட்டர் தாண்டினால் கவனம், 100 தாண்டினால் எச்சரிக்கை, 150 தாண்டினால் வீட்டை விட்டுக் கிளம்ப வேண்டும். அவர்களுடைய மண் வேறு, நம்முடைய மண் வேறு. அதை அப்படியே எடுத்துக்கொள்ள முடியாது. ஆனால் நமக்கென்று இப்படி ஓர் எண் வேண்டும், அது ஏற்காட்டில் குழந்தைகளுக்குக்கூடத் தெரிந்திருக்க வேண்டும் என்று நான் உறுதியாக நினைக்கிறேன். நம் மலையில் கெட்டியான பாறை, அதன்மேல் செம்மண். மழை மண்ணை நிறைத்துவிட்டால் பாறைமேல் மண்ணுக்குப் பிடிமானம் போய்விடும். சாலைக்காகவும் வீட்டுக்காகவும் செங்குத்தாக வெட்டிவிட்ட இடங்களில் அது முதலில் விழும்.

செய்தியில் சொல்லும் மழை அளவு காலை எட்டரை மணி வரையிலானது. அரநாயக்கவில் மலை சரிந்தது மாலையில். ஆகவே அந்த எண்ணுக்காகக் காத்திருக்க வேண்டாம். காப்பித் தோட்டங்களில் மழைமானி வைத்திருப்பவர்களை வேண்டிக்கொள்கிறேன்: விடாமல் பெய்கிற நாளில் மதியமும் மாலையும் ஒருமுறை அளந்து, கீழே சரிவில் குடியிருக்கும் தொழிலாளர் வீடுகளுக்குச் சொல்லி அனுப்புங்கள்.

சரிவில் இருப்பவர்களே, வீட்டின் பின்புறத் தரையில் புதிதாக வெடிப்பு தெரிந்தாலோ, மரமோ மின்கம்பமோ சாய்ந்தாலோ, ஊற்று கலங்கி வந்தாலோ அந்த இரவை அங்கே கழிக்காதீர்கள். கொட்டும் மழையில் ஓடைத் தண்ணீர் சட்டென்று குறைந்தால் நல்லது என்று நினைக்க வேண்டாம், மேலே மண் விழுந்து அடைத்திருக்கலாம். ஓடையோரமாகக் கீழே ஓடாமல், பக்கவாட்டில் மேட்டுக்குப் போய்விடுங்கள்.

நன்றி, வணக்கம்.