பாதியில போறது உரிமை இல்லீங்க, நடுவர் ஐயா

மதிப்புக்குரிய நடுவர் ஐயா அவர்களுக்கும், ரெண்டு பக்கமும் ஒக்காந்திருக்கற பேச்சாளர்களுக்கும், மாரியம்மன் நோம்பிக்கு வந்து இந்நேரம் வரைக்கும் எந்திரிக்காம கேட்டுட்டிருக்கற ஊர்ப் பெரியவங்களுக்கும் வணக்கமுங்க.

'ஆன்லைன் ஆட்டத்தில் பாதியில் வெளியேறுவது ஆடுபவரின் உரிமையா, அணிக்குச் செய்யும் துரோகமா?' இதுதான் தலைப்பு. துரோகமேங்கற அணியில ரெண்டாவதா பேச வந்திருக்கேன். பகல்ல திருப்பூர்ல ஒரு பனியன் கம்பெனியில மெர்ச்சண்டைசர் வேலை. ராத்திரி வேலையெல்லாம் முடிஞ்ச பொறவு வேலரன்ட்டுங்கற ஆன்லைன் துப்பாக்கி ஆட்டம் ஆடறவ நானு. அதனால இது எனக்குக் கேள்விப்பட்ட சங்கதி இல்லீங்க.

எதிரணித் தலைவர் பேராசிரியர் ஐயா என்ன சொன்னாரு? "விளையாட்டுங்கறதே சந்தோஷத்துக்கு. சந்தோஷம் தீந்து போச்சுன்னா எந்திரிச்சுப் போறது என் உரிமை. அங்க சம்பளமா குடுக்கறாங்க?" அப்படீன்னாரு. நல்லாக் கைதட்டுனீங்க. தனியா ஆடற ஆட்டத்துக்கு ஐயா சொல்றது நூத்துக்கு நூறு சரி. போன்ல ஒத்தையில ஆடறீங்க, பாதியில மூடி வெக்கறீங்க, யாருக்கு என்ன நட்டம்? ஆனா நாம பேச வந்தது பத்துப் பேரு சேந்து ஆடற ஆட்டத்தப் பத்தி. அங்க எந்திரிச்சுப் போறவரு தன் நேரத்த மட்டும் எடுத்துட்டுப் போறதில்லீங்க.

தெரியாதவங்களுக்காக ஆட்டத்தச் சித்த வெளக்கிடறேன். வேலரன்ட்ல அணிக்கு அஞ்சு பேரு. மொதல்ல 13 ரவுண்டு எடுக்கற அணி ஜெயிக்கும். ஒரு ஆட்டம் முடிய அரை மணியில இருந்து முக்கா மணி நேரம் ஆகும். அஞ்சு பேருக்கும் ஒரே வேலை கெடையாது. ஒருத்தர் மொதல்ல பாஞ்சு உள்ள போறவரு. ஒருத்தர் பின்பக்கக் காவல். ஒருத்தர் ஸ்மோக் போடறவரு. எதிரி நின்னு குறி பாக்கற வழியில பொகையக் கெளப்பி அவங்க கண்ண மறைக்கறதுதான் அவரு வேலை. அந்த மறைவுலதான் மத்தவங்க உள்ள போயி ஸ்பைக்குங்கற வெடிகுண்ட வெக்க முடியும். ஸ்பைக் வெக்கறதுக்கு 4 செகண்டு ஆகும். அந்த 4 செகண்டும் வெக்கறவரால சுட முடியாது, நகர முடியாது. அவரு உசிரு முழுக்கப் பொகை போட்டவர் கையில.

இப்ப அந்த ஸ்மோக் போடறவரு, எட்டாவது ரவுண்டுல, தொடர்ந்து ரெண்டு ரவுண்டு செத்துட்ட கோவத்துல, ரேஜ் குவிட் பண்ணிட்டுப் போயிட்டாரு. அவரு எடத்துக்கு வேற ஆள் வராது. மீதி நாலு பேரும் தொறந்த வெளியில ஓடறாங்க. எதுக்க அஞ்சு துப்பாக்கி. அடுத்த ரவுண்டும் அப்படித்தான், அதுக்கடுத்ததும் அப்படித்தான். அவங்களும் எந்திரிச்சுப் போனா அவங்களுக்குத் தண்டனை. இருந்து ஆடுனா தோல்வி, ரேங்க்கும் எறங்கும். தப்பே பண்ணாத நாலு பேர ரெண்டு பக்கமும் பூட்டி வெச்சுட்டுப் போயிருக்காருங்க அந்த மனுசன்.

இத நம்மூருக்காரங்களுக்கு நான் சொல்லவே வேண்டியதில்ல. துணி தைக்கற பவர் டேபிள்ல ஓவர்லாக் அடிக்கறவரு பாதி ஷிஃப்ட்ல சொல்லாமக் கொள்ளாம எந்திரிச்சுப் போயிட்டா என்னாகுமுங்க? பேட்லாக் மிஷின் சும்மா நிக்கும். கைமடிக்கற புள்ள கையக் கட்டிட்டு ஒக்காந்திருக்கும். பீஸ் ரேட்டுல அந்த டேபிளுக்கே அன்னைக்குக் கூலி போச்சு. அவரு போனது அவரோட உரிமைன்னு அந்த டேபிள்ல இருக்கற யாராச்சும் சொல்லுவாங்களா? பேராசிரியர் ஐயா சம்பளமான்னு கேட்டாரு. அங்க சம்பளம் இல்ல, நெசந்தான். ஆனா நாள் பூரா நின்னு வேலை பாத்துட்டு வந்து, தூங்கற நேரத்துல இருந்து முக்கா மணி நேரத்த ஒதுக்கி வெச்சு ஆட வர்றவங்களுக்கு அந்த நேரம் கூலிய விடப் பெருசுங்க.

அடுத்து, செவிலியரா இருக்கற அக்கா பேசுனாங்க. "அம்மா சாப்பிடக் கூப்பிட்டா, அப்பாருக்கு நெஞ்சு வலின்னா, ஆட்டத்த விட்டுட்டுப் போகக் கூடாதா?"ன்னு கேட்டாங்க. நெஞ்சு வலின்னா போன வீசிட்டு ஓடணுமுங்க. அதத் துரோகம்னு சொல்ற அளவுக்கு எங்க அணியில கல்நெஞ்சு யாருக்கும் இல்ல. ஆனா சோத்துக்குக் கூப்பிடறது வேற சங்கதி. வீட்ல எட்டரைக்குச் சாப்பாடுன்னு தெரியும். எட்டேகாலுக்கு முக்கா மணி நேர ஆட்டத்த எதுக்குத் தொடங்கோணும்? தொடங்கறதுக்கு முன்னாடி மணி பாக்கறதுக்கு யாரு தடை சொன்னா? பெத்தவங்க கிட்டயும் ஒண்ணு கேட்டுக்கறேன். பையன் ஆடிட்டிருக்கறப்ப வைஃபை சுவிட்ச அமத்தாதீங்க. "கண்ணு, இந்த ஆட்டம் எப்ப முடியும்?"னு கேளுங்க. முடிஞ்சதும் அடுத்தது தொடங்க விடாதீங்க. எடுத்த காரியத்த முடிச்சுட்டு எந்திரின்னு சொல்லித் தர்ற எடமா அது மாறட்டும். சுவிட்ச அமத்துனா அவன் கத்துக்கறது, வேண்டாமுன்னா அந்த நிமிசமே அத்து விட்டுடலாங்கறது தானுங்க.

அப்பறம் கரண்டு, நெட்டு. ஆடிக் காத்துக்கு நம்ம பக்கம் கம்பி ஆடுனா கரண்டு போறது எல்லாருக்கும் தெரியும். ஆனா அந்த ஆட்டங்களச் செஞ்சவங்களும் அது தெரிஞ்சுதான் வழி வெச்சிருக்காங்க. டோட்டா 2 ஆட்டத்துல தொடர்பு அந்துட்டா திரும்பி வர 5 நிமிசம் அவகாசம். அது தாண்டுனாத்தான் கைவிட்டுப் போனவர்னு கணக்கு. ஆட்டத்தயே கொஞ்ச நேரம் நிறுத்தி வெச்சுக் காத்திருக்கவும் வழி இருக்கு. லீக் ஆஃப் லெஜண்ட்ஸுங்கற ஆட்டத்துல ஆரம்பத்துலயே ஒருத்தர் வரலேன்னா, மத்தவங்க ஓட்டுப் போட்டு அந்த ஆட்டத்தயே ரத்து பண்ணிக்கலாம். நெட்டு போனவன யாரும் துரோகின்னு சொல்லல. நெட்டு நல்லா இருக்கறப்ப போறவனப் பத்தித்தான் பேச்சு.

ஒரே ஒரு எடத்துல எதிரணிக்கு நான் முழுசா ஒத்துப் போறேனுங்க. மைக்க ஆன் பண்ணி ஒரு பொண்ணு பேசுனா, சொந்த அணிக்காரனே வாய்க்கு வந்ததெல்லாம் பேசற கேவலம் இருக்கு. நானும் கேட்டிருக்கேன். மியூட் பண்ணலாம், ரிப்போர்ட் அடிக்கலாம். அப்பிடியும் தாங்க முடியாம ஒருத்தி வெளிய போனா, அந்த ஆட்டத்தக் கெடுத்தது அவ இல்ல. பேசுனவன். அந்தப் பழி அவன் மேல எழுதப்பட வேண்டியது. இதச் சொல்றதால எங்க அணிக்கு மார்க்கு கொறஞ்சாலும் பரவால்ல, நடுவர் ஐயா.

"தோக்கறது உறுதின்னு தெரிஞ்ச பொறவு ஒக்காந்திருக்கறது வீண் தானே?"ன்னும் பேராசிரியர் ஐயா கேட்டாரு. தோக்கறது உறுதின்னு பாதியில யாருக்குத் தெரியுமுங்க? 1981 பிப்ரவரி, மெல்போர்ன் டெஸ்ட். டென்னிஸ் லில்லி பந்துல கவாஸ்கருக்கு எல்பிடபிள்யூ குடுத்துட்டாங்க. பந்து பேட்ல பட்டுதுங்கறது அவரு கட்சி. கோவத்துல, எதுக்க நின்ன சேத்தன் சவுகானையும் கூட்டிட்டு வெளிய நடந்தாரு. எல்லைக் கோட்டுக்கிட்ட வந்து அணி மேலாளர் துரானி தடுத்தாரு. சவுகான் திரும்பிப் போனாரு, அடுத்து வெங்சர்க்கார் எறங்குனாரு. அந்தக் கோட்டத் தாண்டியிருந்தா ஆட்டமே கைவிட்டுப் போயிருக்கும். தாண்டல. ஆஸ்திரேலியாவுக்கு ஜெயிக்க 143 ரன் போதும். காலுல காயத்தோட கபில்தேவ் பந்து போட வந்தாரு. 28 ரன்னுக்கு 5 விக்கெட். ஆஸ்திரேலியா 83க்குச் சுருண்டுது. 59 ரன்ல இந்தியா ஜெயிச்சுது. கோவம் நியாயமா இல்லையாங்கறது தனிப் பேச்சு. அந்தக் கோவத்துக்கு மத்த பத்துப் பேரோட ஆட்டத்தயும் வெலையா வெச்சாருங்கறதுதான் என் பேச்சு.

பிஜிஎம்ஐங்கற போன் துப்பாக்கி ஆட்டம் ஆடற தம்பிகளக் கேட்டுப் பாருங்க. நாலு பேரு ஸ்குவாடு. ஒருத்தன் நாக் ஆகி, அதாவது அடிபட்டு உசிரோட கீழ கெடக்கறான். இன்னொருத்தன் தன் கிட்ட இருக்கற கடைசிப் பொகைக் குண்டத் தூக்கிப் போட்டு, குண்டு மழையில ஓடி வர்றான் அவனத் தூக்க. பக்கத்துல வந்து குனியறான். கீழ கெடந்தவன் அதுக்குள்ள ஆட்டத்த விட்டே போயிட்டான். ஓடி வந்தவனும் செத்தான். செத்த பொறவு போறது வேறீங்க. அதத் தப்புன்னு இந்த ஆட்டம் சொல்றதில்ல. உசிரு இருக்கறப்ப, ஒருத்தன் நம்ம நம்பி ஓடி வர்றப்ப போறது இருக்கே, அதத்தான் சொல்றேன்.

"தண்டனைய வாங்கிக்கறோமில்ல, கணக்கு நேராச்சு"ன்னும் எதிரணி சொல்லுது. கவுண்டர் ஸ்ட்ரைக் ஆட்டத்துல பாதியில போனா மொதல் தடவ 30 நிமிசம் ஆடத் தடை, அடுத்து 2 மணி நேரம், அப்பறம் 24 மணி நேரம், அப்பறம் 7 நாள். சரி, தடைய அனுபவிக்கறாரு. அந்த 7 நாளுல ஒரு நிமிசமாச்சும் அவரு விட்டுட்டுப் போன நாலு பேரு கைக்கு வந்துச்சா? அபராதம் கட்டிட்டா அடிபட்டவன் காயம் ஆறிப் போச்சுன்னு ஆகுமா?

தோல்விய ஒத்துக்க வழி இல்லாமயும் இல்ல. சதுரங்கத்துல பெரிய பெரிய கிராண்ட்மாஸ்டருங்க தோல்விய ஒத்துக்கிட்டுக் கைகுடுத்துட்டு எந்திரிக்கறாங்க. அது மரியாதை. ஒண்டிக்கு ஒண்டி ஆட்டம், முடிவு அவரோடது. அஞ்சு பேரு ஆட்டத்துல முடிவு அஞ்சு பேரோடது. லீக் ஆஃப் லெஜண்ட்ஸ்ல 20 நிமிசத்துக்குப் பொறவு அஞ்சுல நாலு பேரு ஓட்டுப் போட்டா சரணடைஞ்சு கௌரவமா வெளிய வரலாம். வேலரன்ட்லயும் ஓட்டு இருக்கு.

எனக்கு அடுத்து எதிரணியில பேசப் போற அண்ணன் வேற எதையும் தொட வேண்டாம், இது ஒண்ணுக்கு மட்டும் பதில் சொல்லட்டும். சரணடையலாமான்னு ஓட்டு வெச்சாச்சு. நாலு பேரு "வேண்டாம், ஆடிப் பாக்கலாம்"னு சொல்லிட்டாங்க. அவங்க சொன்னதக் கேட்ட பொறவும் ஒருத்தர் வெளிய போறாரு. அந்த நாலு பேரு ஓட்ட விட அவரு ஒருத்தரு கோவம் எப்பிடிப் பெருசாச்சுன்னு அண்ணன் சொல்லட்டுங்க, நடுவர் ஐயா. நான் ஒக்காந்து கேட்டுக்கறேன். நன்றி, வணக்கம்.