அழிக்கத் தெரிந்த எழுத்தர்

அவையோருக்கு வணக்கம்.

உயிரணு இரண்டாகப் பிரியும் முன் தன் டி.என்.ஏ. ஏணியை நடுவே பிளந்து, ஒவ்வொரு பாதிக்கும் எதிர்ப்பாதியைக் கட்டிக்கொள்கிறது. ஏணியின் படிகளில் இருப்பவை நான்கு வேதி எழுத்துகள்: அடினினுக்கு எதிரே தைமின், குவானினுக்கு எதிரே சைட்டோசின். நகல் ஒவ்வொன்றிலும் பழைய இழை ஒன்று, புதிய இழை ஒன்று. அமெரிக்க அறிவியலாளர்கள் மெசெல்சனும் ஸ்டாலும் கனமான நைட்ரஜன் ஊட்டி வளர்த்த பாக்டீரியாக்களைக் கொண்டு 1958-இல் இதை மெய்ப்பித்தார்கள். பள்ளிப் பாடம் இத்தோடு முடிந்துவிடும். உண்மையான சிக்கலோ இதற்குப் பிறகுதான் தொடங்குகிறது.

ஏணியின் இரு இழைகளும் எதிரெதிர்த் திசையில் ஓடுபவை. எழுத்துகளைக் கோக்கும் பாலிமரேஸ் நொதிக்கோ ஒரே திசைதான் தெரியும். ஹெலிகேஸ் நொதி இழைகளைப் பிரித்தபடி முன்னேறுகையில், ஒரு பக்கத்தில் பாலிமரேஸ் தடையின்றிப் பின்தொடர்கிறது. மறுபக்கத்தில் என்ன செய்யும்?

நகோயா பல்கலைக்கழகத்தின் ரெய்ஜி ஒகசாகி, சுனேகோ ஒகசாகி தம்பதி 1960-களில் விடை கண்டார்கள். புதிய டி.என்.ஏ.வை அடையாளம் காட்டுவதற்காக, தைமின் அடங்கிய மூலப்பொருளான தைமிடினைக் கதிரியக்கம் ஏற்றி, பாக்டீரியாக்களுக்குச் சில நொடிகள் மட்டும் கொடுத்துப் பார்த்தார்கள். அப்போதுதான் பிறந்த டி.என்.ஏ., ஆயிரம் இரண்டாயிரம் எழுத்து நீளமுள்ள துண்டுகளாகக் கிடந்தது. சற்று நேரம் கூட்டிக் கொடுத்தால் நீண்ட இழை தோன்றியது. அதாவது, நொதி சிறிது தூரம் பின்னோக்கிக் கோத்து, மறுபடி முன்னே போய் அடுத்த துண்டைத் தொடங்குகிறது. லைகேஸ் என்ற நொதி வந்து துண்டுகளை ஒட்டுகிறது. ரெய்ஜி சிறுவயதில் ஹிரோஷிமாவில் அணுகுண்டுக் கதிர்வீச்சுக்கு ஆளானவர். 1975-இல் 44 வயதில் இரத்தப் புற்றுநோய் அவரைக் கொண்டுபோயிற்று. ஆய்வைச் சுனேகோ விடாமல் தொடர்ந்தார்.

எதிர்த்திசையில் கோக்கும் நொதி ஒன்று இருந்துவிட்டால் இவ்வளவு ஒட்டுவேலை வேண்டாமே என்று நானும் நெடுநாள் நினைத்ததுண்டு. காரணம் தெரிந்தபோது வியந்துபோனேன். புதிதாக வரும் எழுத்து ஒவ்வொன்றும் மூன்று பாஸ்பேட்டுகளைச் சுமந்து வருகிறது. அவற்றில் இரண்டு கழன்று விழும்போது கிடைக்கும் ஆற்றலில்தான் அது இணைகிறது. எழுத்து தவறானது என்றால் பாலிமரேஸ் அதை வெட்டி எறிகிறது. நட்டமில்லை, அடுத்து வருவது தனக்கான ஆற்றலைத் தானே கொண்டுவரும். எதிர்த்திசையில் அந்த ஆற்றல் வளரும் இழையின் நுனியில் இருந்தாக வேண்டும். நுனியை வெட்டினால் ஆற்றலும் போயிற்று, வேலையும் நின்றது. அழித்து எழுதும் வசதிக்காகவே உயிரணு இந்தச் சுற்றுவழியைப் பொறுத்துக்கொள்கிறது என்பதே பலரும் ஏற்கும் விளக்கம்.

வசதி சிறிதல்ல. முதலில் கோக்கும்போது ஏறக்குறைய லட்சம் எழுத்துக்கு ஒரு பிழை. பாலிமரேஸின் திருத்தமும் அதன்பின் வரும் பழுதுபார்ப்பும் முடிந்தால் நூறு கோடிக்கு ஒன்று என்ற அளவுக்குக் குறைந்துவிடும். மனித உயிரணு நகலெடுப்பதோ 600 கோடிக்கும் மேற்பட்ட எழுத்து இணைகளை!

ஆனால் துண்டுதுண்டாகக் கோப்பதில் ஒரு கடன் மிஞ்சுகிறது. குரோமோசோமின் கடைசி நுனியில் அடுத்த துண்டைத் தொடங்க இடமில்லை. அதனால் நம் உடலின் பெரும்பாலான உயிரணுக்களில், ஒவ்வொரு பிரிவிலும் அந்த நுனி கொஞ்சம் குட்டையாகிறது.