ஏழு பேர்ச் என்றால் எவ்வளவு?

வானொலி நேயர்களுக்கு வணக்கம். கணக்குப் பாடம் சொல்லிக்கொடுத்தே தலை நரைத்தவன் நான். காணி அளவு என்று ஆரம்பித்தால் லேசில் நிறுத்தமாட்டேன், கொஞ்சம் பொறுத்துக்கொள்ளுங்கள்.

இலங்கையில் நாம் காணி அளக்கிற பேர்ச்சும் ஏக்கரும் வெள்ளைக்காரன் கொண்டுவந்தவை. அதற்கு முன்னால் இந்த மலைநாட்டில் வயலை நெல்லால்தான் அளந்தார்கள். நம் தோட்டங்களுக்குக் கீழே, ஆற்றோரத்தில் சிங்களக் கிராமத்து வயல்கள் இருக்கின்றன அல்லவா, அங்கே வயசானவர்களிடம் கேட்டுப் பாருங்கள். அமுண, பேல, லாஹ என்பார்கள், எல்லாம் நெல் அளக்கிற அளவுகள். ஒரு லாஹ விதைநெல் பிடிக்கிற இடம் ஒரு லாஹ வயல். பத்து லாஹ ஒரு பேல, நாலு பேல ஒரு அமுண. ஓர் அமுண ஏறக்குறைய இரண்டு ஏக்கர், இரண்டரை ஏக்கர் வரும். திட்டமாகச் சொல்ல முடியாது. நெருக்கி விதைக்கிறவரும் உண்டு, ஐதாக விதைக்கிறவரும் உண்டு. ஆனால் ஓர் அமுண வயல்காரருக்கு அடுத்த போகத்துக்கு எவ்வளவு விதைநெல் எடுத்து வைப்பது என்று யாரும் சொல்லித்தர வேண்டாம். அளவிலேயே அது இருக்கிறது. இந்த முறையில் எனக்கு ஒரு தனி மதிப்பு.

1815இல் கண்டி இராச்சியம் ஆங்கிலேயர் கைக்குப் போனது. கோப்பி வந்தது, அப்புறம் தேயிலை. காட்டை அளந்து விற்க விதைநெல் கணக்கு உதவுமா? சங்கிலி வந்தது. 66 அடிச் சங்கிலி. அதில் நாலில் ஒரு பங்கு பதினாறரை அடி. நீளம் பதினாறரை அடி, அகலம் பதினாறரை அடி என்றால் ஒரு பேர்ச். 40 பேர்ச் ஒரு ரூட், 4 ரூட் ஒரு ஏக்கர். ஆக, ஏக்கருக்கு 160 பேர்ச். இன்றைக்கு சர்வே பிளானில் ஹெக்டேர் என்று போட்டிருந்தாலும், "எத்தனை பேர்ச்?" என்றுதானே கேட்கிறோம்.

சரி, என் விஷயத்துக்கு வருகிறேன். எங்கள் பாடசாலைக்குப் பின்னால் ஒரு சரிவு, மாணாப்புல் மண்டிக் கிடக்கும். எட்டாம் வகுப்புப் பிள்ளைகளிடம் பதினாறரை அடிக் கயிற்றைக் கொடுத்து, ஒரு பேர்ச் அடையாளம் போடச் சொல்வேன். ஒரு வருடம் சண்டையே வந்துவிட்டது. பையன்கள் கயிற்றைத் தரையோடு போட்டு முளை அடித்துவிட்டார்கள். பெண்பிள்ளைகளில் ஒருத்தி, அவள் தாத்தா சர்வேயரோடு சங்கிலி இழுத்தவராம், கயிற்றை மட்டமாகத்தான் பிடிக்கவேண்டும் என்று நிற்கிறாள். சரிவில் மட்டமாகப் பிடித்தால் கீழே நிற்பவளுக்குக் கை எட்டாதே? அதற்கும் வழி வைத்திருந்தாள். முதலில் நாலடி மட்டமாகப் பிடி. நுனியிலிருந்து நூலில் கல்லைக் கட்டித் தொங்கவிடு. கல் தொடுகிற இடத்திலிருந்து அடுத்த நாலடி. மாடிப்படி இறங்குவது போல இறங்கிப் போனார்கள். முடிவில் அவர்களுடைய முளை பையன்களுடைய முளையைவிட இரண்டடிக்கு மேல் கீழே நின்றது. "சேர், இவங்க காணிய கூட எடுத்துட்டாங்க!" என்று ஒருவன் கத்தினான்.

கூட எடுக்கவில்லை. சர்வேயர் அளப்பது அப்படித்தான். பிளானில் இருப்பது மட்டக் காணி, நேர் மேலேயிருந்து பார்த்தால் தெரிகிற அளவு. 30 பாகைச் சரிவில் பிளான் ஒரு ஏக்கர் என்றால், கால் படுகிற தரை அதைவிட நூற்றுக்குப் பதினைந்து பங்கு கூட. தேயிலை மலைகளில் பத்தாம் நம்பர் மலை சின்ன மலைதானே என்று தோட்டத்துக் கணக்கப்பிள்ளை புத்தகத்தைப் பார்த்துச் சொல்வார். கொழுந்துக் கூடையோடு நிரை ஏறுகிற அம்மாவின் முழங்கால் வேறு கணக்குச் சொல்லும். சர்வேயர்மேல் பிழை இல்லை, வீடு கட்டுவதும் மட்டத்தில்தானே.

அங்கேதான் இந்த ஏழு பேர்ச் வருகிறது. தோட்ட மக்களின் தனி வீட்டுக்கு ஏழு பேர்ச் என்று பல காலமாகக் கேட்டுக்கொண்டிருக்கிறோம். ஏழு பேர்ச் ஏறக்குறைய 1,906 சதுர அடி. பத்தடிக்குப் பன்னிரண்டடி லயத்துக் காம்பராவில், அதாவது தோட்டத்து வரிசை வீட்டின் ஓர் அறையில், பிறந்தவருக்கு அது பெரிய இடம்தான். ஆனால் சரிவில் மண்ணை வெட்டித்தான் மட்டம் எடுக்கவேண்டும். வெட்டிய கரை செங்குத்தாக நிற்காது, மழைக்குச் சரியும். அதைச் சாய்த்துவிட வேண்டும், கல் கட்டவேண்டும், பின்னால் தண்ணீர் ஓடக் கான் வெட்டவேண்டும். எல்லாம் அந்த ஏழுக்குள்ளேதான். கொழும்பில் ஏழு பேர்ச் வாங்குகிறவருக்கு இந்தக் கழிவு கிடையாது. ஆகவே காணி காட்ட வருகிறவரிடம் எத்தனை பேர்ச் என்று கேட்டுவிட்டு விட்டுவிடாதீர்கள். கரையும் கானும் போக, மட்டமாக எத்தனை பேர்ச் என்று கேளுங்கள். எங்கே கூப்பிட்டாலும் இதைத்தான் சொல்கிறேன். மட்டமாக எத்தனை பேர்ச்?

கண்ணாடிக்கு அந்தப் பக்கம் தம்பி கையைக் காட்டுகிறார். யாழ்ப்பாணத்துக் கணக்கை விரிவாகச் சொல்ல எழுதிக்கொண்டு வந்தேன், நேரம் இல்லை. அங்கே சம்பந்தம் செய்தவர்கள் குறித்துக்கொள்ளுங்கள்: 18 குழி ஒரு பரப்பு, 16 பரப்பு ஒரு ஏக்கர். ஒரு பரப்பு நம் கணக்கில் பத்துப் பேர்ச். நம்முடைய ஏழு பேர்ச் அங்கே முக்கால் பரப்புக்கும் குறைவு, அதுவும் அவர்களுக்கு மட்ட நிலம். வணக்கம்.